வரிப்பணத்துக்கு முகம் எதற்கு?



அச்சகத் தோழர்கள், சுவரெழுத்துக் கலைஞர்கள், வடிவமைப்புப் படிக்கும் தம்பி தங்கைகள் என்று இங்கே கூடியிருக்கும் நாம் எல்லோரும் நாலு பேர் கண்ணில் படும் பொருளைச் செய்து பிழைக்கிறவர்கள். எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் நம்மில் ஒருவருடைய கைவேலை எதிரே நிற்கிறது. அதனால் ஆட்சியாளர்களிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியை முதலில் உங்களிடம் கேட்கிறேன். மக்கள் வரிப்பணத்தில் செய்த பொருளில், மக்களுக்குச் சொந்தமான இடத்தில், ஒரு தலைவருடைய முகம் எதற்கு?

உங்கள் ஊர்ப் பயணியர் நிழற்குடையை நினைத்துப் பாருங்கள். நெற்றியில் நீளமாக ஒரு பலகை. இந்த ஓரத்தில் கட்சித் தலைவர். அந்த ஓரத்தில் சட்டமன்ற உறுப்பினரோ நாடாளுமன்ற உறுப்பினரோ கைகூப்பி நிற்கிறார். நடுவில் தொகுதி மேம்பாட்டு நிதி, ஆண்டு, மதிப்பீட்டுத் தொகை. இவ்வளவு பெரிய பலகையில், இங்கே எந்த பஸ் நிற்கும் என்று ஒரு வரி உண்டா? கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று உண்டா? பல இடங்களில் நிறுத்தத்தின் பெயர்கூட இருக்காது. வைத்தியத்துக்காக வெளியூரிலிருந்து வந்த ஒரு பாட்டி, "தம்பி, பெரியாஸ்பத்திரி பஸ் இங்கதான் நிக்குமா?" என்று பக்கத்தில் நிற்பவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நிழற்குடையை அந்தப் பாட்டிக்காகக் கட்டினார்கள். பலகையை யாருக்காக எழுதினார்கள்?

அந்த நிதி யார் பணம்? நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். நம் தமிழ்நாட்டுச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 3 கோடி. எந்த வேலைக்குச் செலவிடலாம் என்று பரிந்துரைக்கிற பொறுப்புதான் அவர்களுக்கு. பணம் நம்முடையது. எந்த நிதி, எவ்வளவு செலவு, யார் பரிந்துரை என்று எழுதட்டும், அது கணக்கு. அந்தக் கணக்கில் முகத்துக்கு என்ன வேலை? கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்தவர் 'உபயம்' என்று தன் பெயரை எழுதிக்கொள்கிறார். சொந்தக் காசு, எழுதிக்கொள்ளட்டும். ஊரார் காசில் வாங்கிய விளக்கில் உபயம் எழுதிக்கொள்ள இவர்கள் யார்?

தோழர்களே, இந்த முகத்துக்கு விலை உண்டு. 2021இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியபோது, முந்தைய முதலமைச்சர்களின் படம் அச்சிட்ட பள்ளிப் பைகள் லட்சக்கணக்கில் தயாராக இருந்தன. படத்தை மாற்ற வேண்டாம், அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று புதிய முதலமைச்சர் சொன்னார். அதனால் சுமார் 13 கோடி ரூபாய் மிச்சம் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்ல முடிவு, மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் பையில் முதலிலேயே யார் முகமும் இல்லாமல் இருந்திருந்தால் அந்த முடிவுக்கே தேவை வந்திருக்காதே! அதற்குப் பத்து ஆண்டு முன்னால் போய்ப் பாருங்கள். 2011இல் சமச்சீர்க் கல்விப் பாடநூல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் மாணவர் கைக்கு வந்தது. வந்தபோது, முந்தைய ஆட்சியாளரைப் பற்றிய பகுதிகள்மேல் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். பிள்ளைகள் படிக்கிற புத்தகத்தில் ஆட்சி மாற்றத்தைப் பசை போட்டு ஒட்டினோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையே மிதந்துகொண்டிருந்தபோது, நிவாரணப் பொட்டலங்களில் முதலமைச்சர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதாக எழுந்த புகார்களை நாடே பேசியது.

இது ஒரு கட்சியின் நோய் என்று நினைத்துவிடாதீர்கள். 2021இல் கொரோனா தடுப்பூசிச் சான்றிதழில் பிரதமர் படம் இருந்தது. ஊசி போட்டுக்கொண்டது நம் தோளில். பணம் நம் வரியில். தேர்தல் நடந்த மாநிலங்களில் மட்டும் அந்தப் படத்தை எடுக்கச் சொன்னது தேர்தல் ஆணையம். தேர்தல் வந்தால் படம் பிரசாரம் ஆகிவிடும் என்றால், மற்ற நாளில் அது என்ன? 2022இல் தெலங்கானாவின் காமாரெட்டி மாவட்டத்தில் ஒரு ரேஷன் கடைக்குப் போன ஒன்றிய நிதியமைச்சர், பிரதமர் படம் ஏன் இல்லை என்று மாவட்ட ஆட்சியரிடமே கேட்டார். ரேஷன் கடைக்குப் போகிறவர் கேட்கிற கேள்வி எது? அரிசி வந்துவிட்டதா, எடை சரியாக இருக்கிறதா என்பதுதானே!

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் சும்மா இருக்கவும் முடியாது. அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படங்கள் மட்டும் போதும் என்று 2015 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்தே மாதத்தில், 2016 மார்ச் 18 அன்று, ஆளுநர், முதலமைச்சர், அமைச்சர்கள் படங்களுக்கும் அனுமதி கிடைத்தது. அரசுத் திட்ட விளம்பரங்களில் வாழும் அரசியல் தலைவர்களின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. சில நாளிலேயே உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிவிட்டது. தீர்ப்புக்குத் தலைவணங்குவோம். ஆனால் சட்டம் தடுக்காத காரியமெல்லாம் செய்யத்தக்க காரியம் ஆகிவிடாது.

"விளம்பரம் செய்யாவிட்டால் திட்டம் மக்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். விளம்பரம் வேண்டாம் என்று யார் சொன்னது? யாருக்கு இந்த உதவி, எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது, என்ன சான்று வேண்டும், கடைசி நாள் எது, மறுத்தால் எங்கே முறையிடுவது, இவற்றைப் பெரிய எழுத்தில் போடுங்கள். இன்று முழுப் பக்க அரசு விளம்பரத்தை விரித்தால் முக்கால் பக்கம் சிரிப்பு. இந்த விவரமெல்லாம் அடியில், பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிற எழுத்தில்.

"முகத்தைப் பார்த்தால்தான் மக்களுக்குப் புரியும்" என்பார்கள். அது மக்களை இழிவு செய்கிற பேச்சு. 1951-52இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது நூற்றுக்குப் பதினெட்டுப் பேருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டினார்கள். பல சின்னங்கள் வீட்டிலும் வயலிலும் புழங்கும் பொருள்களின் படங்கள். கோடிக்கணக்கான மக்கள் எந்த மாலையும் பொன்னாடையும் இல்லாத அந்தச் சின்னங்களைப் பார்த்துத் தேர்ந்து வாக்களித்தார்கள். இன்னொன்று சொல்கிறேன். 2008இல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. நெஞ்சுவலி என்றால், நடுச்சாமமானாலும் நம் விரல் தானாக அழுத்துவது எதை? மூன்று இலக்கத்தை. எவர் படத்தையும் பார்த்து அந்த எண்ணை நாம் மனப்பாடம் செய்யவில்லை. வண்டி வந்தது, உயிர் பிழைத்தது, எண் மனதில் நின்றது.

"கட்சிக்காரர் தன் காசில் பேனர் அடித்தால் உனக்கென்ன?" என்றும் கேட்பார்கள். காசு அவருடையது. சாலை யாருடையது? பேனர் எப்படித் தயாராகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே வட்டத்துக்குள் மூத்த தலைவர்கள். நடுவில் ஆளுயரத்துக்கு உள்ளூர்ப் பிரமுகர். அடியில் ஸ்டாம்ப் அளவில் வரிசையாகத் தலைகள். போட்டோஷாப்பில் ராத்திரி இரண்டு மணிவரை உட்கார்ந்து தலை வெட்டி ஒட்டுகிற தம்பிக்குத் தெரியும், எந்தத் தலை எந்தத் தலையைவிடப் பெரிதாகிவிட்டது என்று விடிந்ததும் சண்டை வரும். அந்தப் பேனரில் வழிப்போக்கருக்குத் தேவையான ஒரு சொல் உண்டா? கிடையாது. அது கட்சிக்குள் ஒருவர் தன் இடத்தை அறிவித்துக்கொள்ளும் பலகை. அதைத் தாங்கி நிற்கத் தெரு வேண்டும், சாலைத் தடுப்பு வேண்டும், சிக்னல் கம்பம் வேண்டும்!

அதன் விலையை 2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணையில் பார்த்தோம். வேலை முடிந்து ஸ்கூட்டரில் திரும்பிக்கொண்டிருந்த 23 வயதுப் பொறியாளர்ப் பெண்மேல், அன்றைய ஆளுங்கட்சிப் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்காகச் சாலை நடுவே வைத்த பேனர் சரிந்து விழுந்தது. நிலை தடுமாறி விழுந்தவர்மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அரசியல் கட்சிகள் ஃப்ளெக்ஸ் வைக்கச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தடை காகிதத்தில் இருந்தது. பேனர் சாலையில் இருந்தது. அந்தச் சாவுக்குப் பிறகு, இனிப் பேனர் வைக்காதீர்கள் என்று கட்சிகள் தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. இன்று எந்தத் தலைவராவது ஊருக்கு வரும்போது சாலையைப் பாருங்கள், அந்த அறிக்கைக்கு என்ன மரியாதை என்று தெரியும்.

இனி நம் பங்கு. "எங்கள் பிழைப்பு என்னாவது?" என்று அச்சகத் தோழர்கள் கேட்பது நியாயம். அதற்குத்தான் சொல்கிறேன், இந்த நாட்டில் எழுத வேண்டிய பலகை ஏராளம் மிச்சமிருக்கிறது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் பஸ் விவரம் வேண்டும். அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் அறை எங்கே என்று தெரியாமல் நோயாளிகள் அலைகிறார்கள், அங்கே வழிகாட்டும் பலகை வேண்டும். தாலுகா ஆபீஸ் வாசலில் எந்தச் சான்றுக்கு எத்தனை நாள், எவ்வளவு கட்டணம் என்று எழுத வேண்டும். இந்த வேலையைக் கொடு என்று அரசிடம் கேட்போம். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது, செய்யத் திறமையும் இருக்கிறது.

ஆகவே இந்த மேடையிலிருந்து மூன்று கோரிக்கை. ஒன்று, அரசுப் பணத்தில் உருவாகும் எந்தப் பொருளிலும் அரசு முத்திரையும் திட்டத்தின் பெயரும் செலவுக் கணக்கும் பயனாளிக்கு வேண்டிய விவரமும் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஆளுங்கட்சி எதுவானாலும் இதே விதி. இரண்டு, தொகுதி நிதியில் கட்டும் ஒவ்வொரு நிழற்குடையிலும் நிறுத்தத்தின் பெயரும் பஸ் விவரமும் எழுதிய பிறகே ஒப்பந்தக்காரருக்குப் பில் பாஸ் ஆக வேண்டும். மூன்றாவது நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் கட்டுப்பாடு. அரசு அனுமதி எண் இல்லாமல் எந்தப் பேனரையும் அச்சடிக்க மாட்டோம். ஒருவர் மறுத்தால் அடுத்த கடைக்குப் போவார்கள். ஊரிலுள்ள எல்லா அச்சகமும் மறுத்தால் எங்கே போவார்கள்?

படிக்கும் தம்பி தங்கைகளே, நாளை உங்களிடமும் ஒரு நிழற்குடைப் பலகை வேலை வரும். எந்தப் படத்தை எங்கே வைப்பது என்று ஆரம்பிப்பார்கள். "இங்கே எந்தெந்த பஸ் நிற்கும்?" என்று நீங்கள் திருப்பிக் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். பொதுப் பணம் பேச வேண்டிய மொழி அதுதான், அதை எழுதுகிற கை நம்முடையது.