பனியனுக்கு அப்பால் திருப்பூர்

திருப்பூருக்கு வருகிறவர்களிடம் என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டால், "பனியன் சரக்கு எடுக்க" என்பார்கள். சுற்றிப் பார்க்க வந்ததாக யாரும் சொல்வதில்லை. உள்ளூர்க்காரரே, "இங்க பார்க்கறதுக்கு என்னங்க இருக்குது?" என்பார்.

நிறையவே இருக்கிறது.

ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே விடுதலைப் போராட்டத் தியாகி குமரனின் நினைவகம். 1932 ஜனவரி 10-ம் தேதி கொடியேந்தி ஊர்வலம் போனவர், போலீஸ் தடியடியில் விழுந்து மறுநாள் உயிர்விட்டார்.

அவிநாசி சாலையில் போனால் திருமுருகன்பூண்டி. சேர மன்னர் சேரமான் பெருமாள் தந்த பொன்னோடு வந்த தேவாரப் புலவர் சுந்தரரை வேடர்கள் இங்கே கொள்ளையடித்தார்கள். அவர்களை அனுப்பியவரே சிவபெருமான் என்கிறது தலபுராணம்! சுந்தரர் பதிகம் பாடினார். பறிபோன பொருள் திரும்பி வந்தது.

நொய்யல் கரையோடு கிழக்கே போனால், சென்னிமலைப் பக்கம் கொடுமணல். சங்க நூலான பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிப்பிடும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அகழாய்வில் கல்மணிகள் செய்த பட்டறைகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. நூல் நூற்ற தக்களிகளும் கிடைத்தன. கரூரிலிருந்து முசிறித் துறைமுகத்துக்குப் போன பெருவழியில் இருந்த ஊர் இது. ஏற்றுமதி இந்த வட்டாரத்துக்கு ரொம்பப் பழைய தொழில்!

ஊத்துக்குளி சாலையில் நஞ்சராயன் குளம், பறவைகள் சரணாலயம். 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. மார்கழி, தை மாதங்களில் விடிந்ததும் போய்விடுங்கள். வெளிநாட்டுப் பறவைகளைப் பார்க்கலாம். அப்படியே ஊத்துக்குளி வரை போய், வெண்ணெய் வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.