பழைய பட்டடை வாங்கப் போறீங்களா? ஒரு பால்ரஸ் குண்டு எடுத்துக்கங்க

இன்னைக்கு நாம பேசப் போறது பட்டடை பத்தி. காய்ச்சின இரும்பைக் கொல்லர் எது மேல வச்சு அடிக்கிறாரோ, அந்த இரும்புக் கட்டைதான் பட்டடை. பட்டறைக்கல்னும் சொல்வாங்க. 821-வது குறள்ல மனசு ஒட்டாத நட்பை வள்ளுவர் இந்தப் பட்டடையோடதான் ஒப்பிடுறார். தாங்குற மாதிரி இருக்கும், சமயம் வந்தா அடி விழும். பழைய பட்டடை வாங்குறதும் கிட்டத்தட்ட அப்படித்தான். பார்க்க உறுதியா இருக்கும், வேலைக்கு வச்சாதான் குணம் தெரியும்.

கத்தி செய்யக் கத்துக்கிற நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி, "பட்டடை எங்க கிடைக்கும்?" நைனார்பாளையம் மாதிரி ஒரு ஊரை எடுத்துக்கங்க. சின்னசேலம் பக்கம், வடக்கே கல்வராயன் மலை. மக்காச்சோளம், கரும்பு, மரவள்ளி விளையுற பூமி. களைக்கொத்து, அரிவாள், மண்வெட்டி இல்லாம இங்க எந்த வேலையும் நடக்காது. ஆனா டிராக்டர் வந்ததும் ஏர்க்கொழு அடிக்கிற வேலை போச்சு. அரிவாளும் கடையிலேயே ரெடிமேடா வருது. இந்த மாதிரி ஊர்கள்ல ஒரு கொல்லுப்பட்டறை மூடினா, துருத்தி, சம்மட்டி, பட்டடை எல்லாமே கடைசியில பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். அங்க அதுக்குத் தனி மதிப்பு கிடையாது, எடை மட்டும்தான். கிலோ 35 ரூபாய்னு வச்சுக்கிட்டா, 80 கிலோ பட்டடை 2,800 ரூபாய். அடுத்து உலைக்குப் போய் கம்பியா உருகிடும்.

நம்ம ஊர்ப் பட்டடை பெரும்பாலும் கொம்பு இல்லாத சதுரக் கட்டை. கொல்லர் குந்தி உட்கார்ந்து அடிக்கிறதால, மரக்கட்டையிலயோ தரையிலயோ பாதி புதைச்சு வச்சிருப்பாங்க. அதனால மேல தெரியுறதை மட்டும் பார்த்து விலை பேசாதீங்க. வெளிய எடுத்து ஆறு பக்கமும் பாருங்க. மேல்பக்கம் தேஞ்சிருந்தாலும், புரட்டிப் போட்டா அடிப்பக்கம் நல்லா இருக்க வாய்ப்பு உண்டு.

கொம்பு வச்ச இங்கிலாந்துப் பட்டடையும் எப்பவாவது கண்ணுல படும். பீட்டர் ரைட், மவுஸ்ஹோல் மாதிரி பெயர் பக்கவாட்டுல இருக்கும். அதோட மூணு எண் வெட்டியிருப்பாங்க. அதை மாடல் நம்பர்னு நினைச்சுடாதீங்க. அது எடை. முதல் எண் அந்தர், அதாவது 112 பவுண்டு. ரெண்டாவது கால் அந்தர், 28 பவுண்டு. மூணாவது மீதி பவுண்டு. 1, 2, 10னு இருந்தா 112 கூட்டல் 56 கூட்டல் 10, மொத்தம் 178 பவுண்டு. கிட்டத்தட்ட 81 கிலோ.

சரி, சோதனைக்கு வருவோம். ஒரு பழைய பேரிங்குல இருந்து பெரிய பால்ரஸ் குண்டு ஒண்ணு, ஒரு அடி ஸ்கேல். இது போதும். 25 சென்டிமீட்டர் உயரத்துல இருந்து குண்டை விடுங்க. 18, 20க்கு மேல திரும்பி எழும்பினா நல்ல கடினம். பாதி கூட வரலைன்னா மேல்பரப்பு மெதுவா இருக்குன்னு அர்த்தம். நீங்க அடிக்கிற அடியில பாதியை அதுவே முழுங்கிடும், கை வலிதான் மிச்சம். ஒரே இடத்துல போட்டுட்டு நிறுத்தாதீங்க, முகம் முழுக்கப் போட்டுப் பாருங்க. தீ விபத்துல சிக்கின பட்டடை வெளிய அழகா இருந்தாலும் பதம் இறங்கிப் போயிருக்கும். குண்டு அதைக் காட்டிக் கொடுத்துடும்.

அடுத்தது சத்தம். சின்னச் சுத்தியலால லேசாத் தட்டுங்க. பழைய பட்டடைகள்ல பலது, தேனிரும்பு உடம்பு மேல எஃகுத் தகடு பத்த வச்சது. ஒட்டு நல்லா இருந்தா மணி மாதிரி கேட்கும். ஒரு இடத்துல மட்டும் "டொக்"னு செத்த சத்தம் வந்தா, அங்க தகடு விட்டிருக்கலாம், இல்ல விரிசல் இருக்கலாம். ஆனா சத்தத்தை மட்டும் நம்பாதீங்க. வார்ப்பிரும்பு உடம்புல எஃகு முகம் வச்ச நல்ல பட்டடைகள் பெருசா ஒலிக்காது. சத்தமும் குண்டும் சேர்த்துத்தான் தீர்ப்பு.

மூணாவது கண். ஸ்கேலைக் குறுக்கே வச்சு நடுவுல எவ்வளவு குழி விழுந்திருக்குன்னு பாருங்க. விளிம்பு முழுக்க நல்லா இருக்கணும்னு இல்ல. பத்து சென்டிமீட்டர் நல்ல விளிம்பு இருந்தாலே வேலை ஓடும். துரு பத்திக் கவலைப்பட வேணாம். புதுசாத் தேய்ச்சுப் பளபளன்னு இருந்தாத்தான் சந்தேகப்படணும். தேய்ச்சதுல கடினமான தகடே மெலிஞ்சு போயிருக்கும்.

"பட்டடையே வேணாம், தண்டவாளத் துண்டு போதும்"னு சில பேர் சொல்வாங்க. எஃகு நல்ல எஃகுதான். ஆனா சேலம்–விருத்தாசலம் பாதை சின்னசேலம் வழியாத்தான் போகுது. அந்தப் பக்கம் ஒருத்தர் பில் இல்லாமத் தண்டவாளம் கொடுத்தா, வாங்கின நீங்களும் மாட்டலாம். 1966-ல வந்த ரயில்வே சொத்துச் சட்டப்படி, திருட்டுப் பொருள்னு சந்தேகப்படுற மாதிரியான ரயில்வே சொத்தைக் கையில வச்சிருந்தாலே குற்றம். அஞ்சு வருஷம் வரை சிறை. ரயில்வே ஏலத்துல எடுத்ததுக்கு ரசீது இருந்தா மட்டும் வாங்குங்க. இல்லைன்னா 30, 40 கிலோ எஃகுக் கட்டையே ஆரம்பத்துக்குத் தாராளம்.

கடைசியா ஒண்ணு. பட்டடை கிடைச்ச உடனே கேட்க வேண்டிய கேள்வி விலை இல்ல. "இதுல இன்னும் வேலை நடக்குதா?" அதை முதல்ல கேளுங்க. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கு. அந்தச் சிற்பிக்கு உளி வேணும், உளி அடிக்கப் பட்டடை வேணும். ஓடுற பட்டறையில கஷ்டத்துக்கு விக்கிறாங்கன்னா, பட்டடையை விட்டுட்டு அவர்கிட்ட ரெண்டு கத்தி, ஒரு அரிவாள் ஆர்டர் கொடுங்க. முடிஞ்சா ரெண்டு நாள் உட்கார்ந்து வேலை கத்துக்கங்க. மூடிப்போன பட்டறைன்னா, தாராளமா வாங்குங்க. ஆனா பழைய இரும்பு விலைக்கு இல்ல, ஒரு கருவிக்கு உண்டான விலைக்கு. கொல்லர் ஐயா இருந்தா, அதுல எந்தப் பக்கம் என்ன வேலை செஞ்சார்னு கேட்டுத் தெரிஞ்சுக்கங்க. எந்த டெஸ்ட்டும் அதைச் சொல்லாது.

உங்க ஊர்ல பட்டறை இன்னும் ஓடுதா? எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.