மூச்சு வாங்காத மூச்சுத்திணறல்

போன எபிசோடுக்கு வந்த கேள்வி இது: கொரோனா நுரையீரலைத் தாக்குது, சரி. சுவாசத்தை ஓட்டுற மூளையையும் தாக்குதா?

2020-ல டாக்டர்களைக் குழப்பின விஷயம் ஒண்ணு உண்டு. ஆக்ஸிஜன் அளவு 80-க்குக் கீழ இருக்கும். நோயாளி சாவகாசமா போன் பேசிட்டு இருப்பார். மூளைத்தண்டில இருக்கிற சுவாச மையத்தையே வைரஸ் பிடிச்சிருச்சோன்னு சந்தேகம் வந்தது. சும்மா வரல. 2008-லயே பழைய சார்ஸ் வைரஸை, மனித ஏசிஇ2 புரதம் சேர்த்து வளர்த்த எலிகளோட மூக்குல விட்டுப் பார்த்திருக்காங்க. அது மோப்பப் பகுதி வழியா மூளைக்குள்ள போயிருச்சு. மூளைத்தண்டு நரம்பு செல்கள் அழிஞ்சதுதான் எலிகள் சாகக் காரணமா இருக்கும்னு எழுதினாங்க.

மனுஷங்க விஷயம் அவ்வளவு நேரா இல்ல. ஜெர்மனியில, ஹாம்பர்க்ல, கொரோனாவோட இறந்த 43 பேரோட மூளையை ஆராய்ஞ்சாங்க. மூளைத்தண்டில அழற்சி இருந்தது. ஆனா வைரஸ் கிடைச்ச மூளையிலதான் பாதிப்பு அதிகம்னு சொல்ல முடியல.

எனக்குச் சரின்னு படுறது வேற விளக்கம். மூச்சுக்குத் தவிக்க வைக்கிறது பெரும்பாலும் கார்பன் டை ஆக்ஸைடு ஏறுறதுதான். இந்த நோயில ஆக்ஸிஜன் உள்ள வரத் திணறும். கார்பன் டை ஆக்ஸைடு பாட்டுக்கு வெளிய போயிட்டே இருக்கும். சர்வர்ல டிஸ்க் நிரம்புது, நாம அலாரம் வச்சது சிபியுவுக்கு! அதனாலதான் "எனக்கு ஒண்ணும் இல்லப்பா"ன்னு சொன்னவங்க விரல்லயும் ஆக்ஸிமீட்டரை மாட்டிப் பார்க்கச் சொன்னாங்க.