மோட்டார் எந்தத் தெருத் தண்ணீரை எங்கே கொட்டுகிறது?



இன்று மோட்டாரைப் பற்றிப் பேசப் போகிறேன். மழைநீரை இறைத்து வெளியேற்றும் நீரேற்று நிலையம். தாம்பரம் பக்கம் ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் எழுகிற கோரிக்கை இது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் டிராக்டர் மோட்டார் வருகிறது, நாலு பேர் படம் எடுக்கிறார்கள், பிறகு “நிரந்தரத் தீர்வு” என்று ஒரு அறிவிப்பு வருகிறது. அந்த நிரந்தரத் தீர்வு யாருக்கு நிரந்தரம் என்று கேட்பதற்குத்தான் இந்த உரை.

முதலில் 2015. அந்த வெள்ளம் என்றதும் எல்லோரும் செம்பரம்பாக்கத்தைச் சொல்கிறோம். ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள், நகரம் மூழ்கியது. அது உண்மை. ஆனால் முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு இரண்டு வாரம் முன்பே, நவம்பர் நடுவிலேயே மூழ்கிவிட்டன. படகு விட்டு மக்களை மீட்டார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. இங்கே வந்த வெள்ளம் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து வந்தது. ஒரே ஒரு ஷட்டரை யார் எப்போது திறந்தார்கள் என்கிற விவாதத்தில், மேலே இருக்கிற சின்னச் சின்ன ஏரிகளும் அவற்றை இணைத்த கால்வாய்களும் பேச்சிலிருந்தே காணாமல் போயின. மனை போட்டவர்களுக்கு அது வசதியாகவும் போயிற்று.

இப்போது ஒரு கணக்கு. அந்த டிசம்பர் 1 முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் அது 49 கோடி லிட்டர். 100 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று, ஐந்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் நொடிக்கு ஏறக்குறைய ஆயிரம் லிட்டர் இறைக்கும். ஒரு நிமிடம்கூட நிற்காமல் ஓடினாலும் அந்த ஒரு சதுர கிலோமீட்டரைக் காலி செய்ய ஐந்தரை நாள் ஆகும். மேலிருந்து புதிதாக எதுவும் வராமல் இருந்தால்தான் அதுவும். மின்சாரம்? வெள்ளம் வந்தால் ஆபத்து என்று முதலில் நிறுத்துவதே அதைத்தான். தரைமட்டத்தில் வைத்த ஜெனரேட்டரும் முழுகிவிட்டால் கதை முடிந்தது. 2005இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் கத்ரீனா புயலின்போது இறைக்கும் நிலையங்கள் பல நின்றுபோனதற்கு மின்சாரம் போனது ஒரு காரணம். அதிகம் அழிந்த பகுதிகளில் ஒன்று கறுப்பின மக்கள் வாழ்ந்த லோயர் நைன்த் வார்டு.

அதனால் மோட்டாரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இயற்கை வழியில் தண்ணீர் தானே போய்விடும் என்று நெகிழ்ந்து பேசும் சூழலியல் நண்பர்களோடு எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. ஜி.எஸ்.டி. சாலையும் ரயில் தண்டவாளமும் தாம்பரத்தின் நடுவே சுவர்போல் ஓடுகின்றன. சுரங்கப்பாதைகளில், சாலையை உயர்த்தி உயர்த்திப் பள்ளமாகிப்போன தெருக்களில், இறைக்காமல் வழியில்லை. அங்கே மோட்டார் தேவை. ஆனால் மோட்டார் தண்ணீரை மறையச் செய்வதில்லை, இடம் மாற்றுகிறது. அடையாறே கரை தொட்டு ஓடும்போது அதில் இறைத்து ஊற்றினால், ஆற்று முகத்தில் ஒருவழிக் கதவு இல்லாத இடத்தில் அதே தண்ணீர் அடுத்த வடிகால் வழியாகத் திரும்பி வரும். வரும் இடம் பெரும்பாலும் இன்னும் பள்ளமான இடமாக இருக்கும்.

அந்தப் பள்ளத்தில் இருப்பது யார்?

மேற்குத் தாம்பரத்தின் தண்ணீர் அடையாற்றுக்குப் போகிறது. கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரி ஏரியாக இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் போகிறது. சதுப்புநிலத்தை ஒட்டித்தான் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும். அடையாறு, கூவம் கரைகளிலிருந்து “ஆக்கிரமிப்பாளர்கள்” என்று பெயர் சூட்டி வெளியேற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கிய இடங்கள் அவை. அவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள் என்பதை இந்த அரங்கில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று ஆற்றங்கரையிலிருந்து தூக்கி, நகரத்தின் வெள்ளம் வந்து தங்குகிற இடத்தில் வைத்தார்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பெரும்பாக்கத்து எட்டு அடுக்குக் குடியிருப்புகளில் மின்சாரமும் லிஃப்டும் இல்லாமல் நாள் கணக்கில் கிடந்தார்கள்.

ஆகவே கிழக்குப் பக்கத்தில் ஒரு நகருக்கு நீரேற்று நிலையம் கேட்கும்போது, அது ஊற்றுகிற தண்ணீர் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்ச் சேருமா, அல்லது வழியிலேயே தேங்குமா என்று பார்க்க வேண்டும். ஒக்கியம் மடுவின் கொள்ளளவைப் பெருக்காமல் மேலே இறைக்கும் திறனை மட்டும் பெருக்கினால், வசதியான தெரு காய்வதற்காகச் செம்மஞ்சேரி இன்னும் கொஞ்சம் நனையும். யாரும் திட்டமிட்டுச் சதி செய்ய வேண்டியதில்லை. புகார் கொடுக்கத் தெரிந்த, கவுன்சிலரின் எண் கைவசம் உள்ள குடியிருப்போர் சங்கம் இருக்கும் இடத்துக்கு மோட்டார் முதலில் போகும். அவ்வளவுதான். சேரியைப் பள்ளத்தில் வைத்தவர்களும் நீர்மட்டக் கருவி வைத்துக்கொண்டு வைக்கவில்லை.

மும்பையைப் பாருங்கள். 1993இலேயே எட்டு நீரேற்று நிலையங்கள் வேண்டும் என்று பிரிம்ஸ்டோவாட் அறிக்கை சொன்னது. 2005 ஜூலை 26இல் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டிய பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. அதிலும் மோக்ரா, மாகுல் நிலையங்கள் நிலப் பிரச்சினையில் ஆண்டுக் கணக்கில் இழுத்தன. பணம் ஒதுக்குவது எளிது, யார் நிலம், யார் பகுதி என்று வரும்போதுதான் அரசியல் வெளியே வருகிறது.

நான் இன்று கூடுதலாகப் பேச விரும்புவது மோட்டாருக்குக் கீழே இருக்கும் தொட்டியைப் பற்றி. வடிகால் வந்து சேரும் இடத்தில் ஆழமான தொட்டி, அதன் வாயில் சல்லடைக் கம்பிகள். பிளாஸ்டிக், துணி, மரக்கிளை, நாப்கின் எல்லாம் அங்கே வந்து அடைக்கும். அடைத்தால் மோட்டார் காற்றை இழுத்து நின்றுவிடும். கொட்டும் மழையில், இரவில், யாராவது அதை எடுக்க வேண்டும். புறநகரில் பல இடங்களில் பாதாளச் சாக்கடை முழுமையாக இல்லை; மழைநீர் வடிகாலில் மலக்கழிவும் சேர்ந்தே ஓடுகிறது. தொட்டியின் அடியில் சேரும் தூரிலிருந்து வருவதும் அதே விஷவாயுதான்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் ஆபத்தான முறையில் சுத்தம் செய்வதைத் தடைசெய்யும்போது கழிவுநீர்க் குழாயையும் செப்டிக் டேங்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. “இது மழைநீர்த் தொட்டிதானே” என்று ஒரு ஒப்பந்ததாரர் சொல்லித் தப்பிக்க முயல்வதற்கு அந்த வாசகம் இடம் விடுகிறது. பலகையில் மழைநீர் என்று எழுதிவிட்டால் உள்ளே இறங்குபவரின் நுரையீரலுக்கு அது தெரியுமா? இறந்தால் 10 லட்சம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023 அக்டோபரில் 30 லட்சம் ஆக்கியது. நமக்கு வேண்டியது இழப்பீட்டுத் தொகை ஏறுவது இல்லை, யாரும் இறங்காமல் இருப்பது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு மற்ற மாவட்டங்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரிகளில் ஏற்றி வந்து, கையுறைகூட ஒழுங்காகத் தராமல் சென்னையைச் சுத்தம் செய்ய வைத்ததை மறந்துவிட்டோமா?

தொழில்நுட்பம் இல்லாமல் இல்லை. சல்லடையைத் தானே வாரி எடுக்கும் இயந்திரம் இருக்கிறது. நீர்மூழ்கி மோட்டாரை வழிகாட்டிக் கம்பியில் சங்கிலி போட்டு மேலே தூக்கலாம், பழுது பார்க்க ஆள் இறங்கத் தேவையில்லை. தூரை உறிஞ்சும் வாகனம் இருக்கிறது. இவை செலவு பிடிக்கும். டெண்டரில் முதலில் வெட்டப்படுவதும் இவைதான். ஏனென்றால் குறைந்த கூலிக்கு இறங்க ஒரு சாதி இருக்கிறது என்று மதிப்பீடு தயாரிப்பவருக்குத் தெரியும்.

ஏரிக் காலத்திலும் இதுதான் நடந்தது. மடை திறந்து மூடி, வயலுக்கு வயல் தண்ணீர் பங்கிட்ட நீர்க்கட்டிகள் பல ஊர்களில் தலித்துகள். தண்ணீரின் போக்கு அவர்கள் விரல் நுனியில் இருந்தது. அந்தத் தண்ணீர் பாய்ந்த நிலம் பெரும்பாலும் அவர்களுடையதாக இல்லை.

தாம்பரம் மாநகராட்சி 2021இல் உருவானது. 2022 தேர்தலில் மேயர் பதவி பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. அது நம் அரசியலின் வெற்றி. ஆனால் ஏரியும் ஆறும் நீர்வளத் துறையிடம், ஜி.எஸ்.டி. சாலை வேறு துறையிடம், தண்டவாளம் ரயில்வேயிடம். மேயரின் கையில் மிஞ்சுவது தெரு வடிகாலும் அது நிரம்பினால் வரும் வசையும்.

இருந்தாலும் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று பம்மலில் பகுதி சபை கூடியபோது முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். அடுத்த பகுதி சபை கூடும்போது இந்த அரங்கில் இருக்கும் தாம்பரம் தோழர்கள் போக வேண்டும். உங்கள் வார்டுக்கு நீரேற்று நிலையம் வருகிறது என்றால் அதன் வெளியேற்று குழாய் எந்த இடத்தில் முடிகிறது என்ற வரைபடத்தைக் கேளுங்கள். டெண்டரில் சல்லடை வாரும் இயந்திரம் இருக்கிறதா, பராமரிப்பவர் நிரந்தரப் பணியாளரா, ஜெனரேட்டர் 2015 வெள்ள மட்டத்துக்கு மேலே வைக்கப்படுகிறதா என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம், பத்து ரூபாய்தான். வரைபடம் கிடைத்ததும் ஒரு பிரதியைப் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் எடுத்துப் போவோம். தண்ணீர் போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு என்ன சொல்கிறார்கள் என்று கேட்ட பிறகு, கோரிக்கையைச் சேர்ந்து எழுதலாம்.