மெட்டையும் எழுதிவைப்போம்
(எழுத்துவழி இசைக்குறியீடு பற்றிச் செமோரில் கூடிய கருத்தரங்கின் தலைமை உரை)



ஈப்போ, சுங்கை சிப்புட், தஞ்சோங் ரம்புத்தான், கிளேபாங் பக்கங்களிலிருந்து வந்திருக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, உறுமிக் குழு இளைஞர்களே, கணினி வேலை பார்த்துக்கொண்டே பாட்டின்மேல் பற்று விடாதிருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் பாட்டிமார்களே! பாட்டிமார்கள் வராமல் இருந்திருந்தால் இந்தக் கருத்தரங்குக்குப் பொருளே இருந்திருக்காது. அவர்களுக்கு என் தனி வணக்கம்.

இசைக்குறியீடு, மென்பொருள் என்றால் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக மண்டபம் போதாதா, செமோர் எதற்கு என்று சிலர் கேட்டார்கள். நாம் எழுதிவைக்க விரும்பும் பாட்டு இந்த வட்டாரத்துத் தோட்டங்களில்தான் பாடப்பட்டது. பெரட்டுக் களத்திலும், பால்மரக் காட்டிலும், தொட்டிலுக்குப் பக்கத்திலும், சாவு வீட்டிலும் பாடியவர்களின் கடைசித் தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறின. பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்து வீடுகளை விட்டு வெளியேறியவர்கள் பாத்திரம் பண்டங்களை எடுத்து வந்தார்கள். பாட்டையும் எடுத்து வந்தார்கள். ஆனால் அதைப் பாடுவதற்கான இடமும் நேரமும் பின்னாலேயே நின்றுவிட்டன.

தோட்டப் பாட்டின் சொற்களைத் தேடித் தொகுத்தவர்கள் உண்டு. அவர்கள் செய்தது பெரும்பணி. நான் கவலைப்படுவது மெட்டைப் பற்றி. அச்சில் வந்த ஒரு தாலாட்டைப் படித்து, அதை அந்தத் தாய் எப்படிப் பாடினாள் என்று ஒரு பேத்தியால் சொல்ல முடியாது. ‘ஒலிப்பதிவு செய்தால் போயிற்று’ என்பார்கள். செய்யத்தான் வேண்டும். ஆனால் ஒலிப்பதிவு ஒருவர் ஒருநாள் பாடியதை மட்டும் காட்டும். இரண்டு தோட்டத்து மெட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே பிரிகின்றன என்று விரல் வைத்துச் சொல்ல எழுத்து வேண்டும். பள்ளிப் பிள்ளை பார்த்துப் பாடவும் எழுத்து வேண்டும்.

இசையை எழுத்தில் வைப்பது நமக்குப் புதிதல்ல. ஈரோட்டுக்கு அருகே அறச்சலூர் மலைக்குகையில், தமிழி எழுத்தில், தாளச் சொற்களைக் கட்டம் கட்டமாக வெட்டிவைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தைச் சேர்த்தவன் மணியவண்ணக்கன் தேவன் சாத்தன் என்ற பெயரும் அங்கேயே இருக்கிறது. இசையை வரிசைப்படுத்தி எழுதியவன் தன் பெயரைப் பதிந்துவைத்த வழக்கம் நம்மிடம் அவ்வளவு பழையது. புதுக்கோட்டை அருகே குடுமியான்மலைக் கல்வெட்டு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஏழு பிரிவுகளாக, நான்கு நான்கு சுரங்களாகத் தொகுத்து, ஒரே சுரத்தின் எழுத்தில் உயிரை மட்டும் மாற்றி வேறுபாடு காட்டியிருக்கிறார்கள். இந்த உயிர் மாற்றத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் நமக்குத் தேவைப்படும்.

அடுத்து நான் நன்றியோடு நினைப்பது சென்னை ஏ. எம். சின்னசாமி முதலியாரை. தியாகராசர் கிருதிகளை ஐரோப்பிய ஐந்துகோட்டு முறையில் எழுதி 1893இல் அச்சிட்டவர் அவர். சுரத்தை அசைத்தும் இழுத்தும் பாடும் கமகத்தை அந்தக் கோடுகளுக்குள் எப்படி அடைப்பது என்ற கேள்வியை முழு உழைப்போடு எதிர்கொண்டவர். எட்டயபுரம் சுப்பராம தீட்சிதர் தமக்குத் தெரிந்ததையெல்லாம் அச்சேற்ற வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. அதன் பயனாக 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி வெளிவந்தது. தெலுங்கு எழுத்தில் சுரம். அதன்மேல் கமகக் குறி. கம்பிதத்துக்கு அலைக்கோடு, ஏற்ற ஜாருவுக்கு மேலேறும் சாய்கோடு, இறக்க ஜாருவுக்கு இறங்கும் சாய்கோடு. அச்சுக் கோப்பவருக்கு அன்று அது எவ்வளவு தொல்லையாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்று அந்த மூன்று குறிகளும் நம் ஒவ்வொருவர் விசைப்பலகையிலும் இருக்கின்றன. 1917இல் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டபோது, தமிழ் எழுத்திலேயே இசை ஆராய்ச்சி நடக்கும் என்பது உறுதியாயிற்று. இவர்கள் மூவரும் பெரிய இசையைக் காத்தார்கள். தோட்டத்து இசையைக் காக்க வேண்டியவர்கள் நாம்.

இனி மென்பொருளுக்கு வருகிறேன். லிலிபாண்ட் என்பது 1996இல் ஹான்-வென் நீன்ஹவுஸ், யான் நியூவென்ஹாய்சன் என்ற இரண்டு டச்சு இசைக்கலைஞர்கள் தொடங்கிய கட்டற்ற மென்பொருள். தங்கள் நோக்கத்தை விளக்க அவர்கள் பின்னாளில் ஒப்பிட்டுக் காட்டியது பாக் எழுதிய தனிச் செல்லோ இசையின் இரண்டு பதிப்புகளை. 1950இல் வந்தது கையால் செதுக்கிய தகட்டில் அச்சிட்டது. 2000இல் வந்தது கணினியில் செய்தது. புதியதில் பிழை இல்லை. ஆனால் பிரிகோடுகள் வரிக்கு வரி ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றதால், வாசிப்பவர் கண் தடுமாறி வரி மாறிவிடும். கைச்செதுக்குநரின் நுட்பத்தைக் கணினிக்குக் கற்றுத்தர வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். சுட்டியால் குறிகளை இழுத்து வைக்கும் வேலை இதில் கிடையாது. சுரத்தையும் அளவையும் எழுத்தாகத் தட்டச்சு செய்தால், பக்கத்தை அது வரைந்து கொடுக்கும். கோலத்தைப் போல, புள்ளி நம்முடையது, கோடு அதனுடையது.

எழுத்தாக இருப்பதன் நன்மை இந்த நாட்டுத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரியும். 1985இல் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைக் கொண்டுவந்த நாள் முதல் மலேசியா தமிழ்க் கணிமையில் முன்னணியில் இருந்துவருகிறது. யூனிகோடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். அந்த நாளில் தட்டச்சு செய்த கோப்புகள் பலவற்றை இன்று திறந்தால் கட்டங்களும் கேள்விக்குறிகளுமே வருகின்றன. அந்த நிலை நம் மெட்டுகளுக்கு வரக்கூடாது. லிலிபாண்ட் கோப்பு வெறும் யூனிகோடு எழுத்து. எந்தக் கணினியிலும் திறக்கும், தேடலாம், இரண்டு கோப்புகளை வரிக்கு வரி ஒப்பிடலாம். எந்தப் பதிப்பில் எழுதியது என்ற வரி கோப்பின் தலையிலேயே இருப்பதால், பழைய கோப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றும் கருவியும் உடன் வருகிறது. கைப்பேசியில் எழுத வேண்டியவர்களுக்கு ஏ.பி.சி. குறியீடு எளிது. கிறிஸ் வால்ஷா நாட்டுப்புற மெட்டுகளுக்காக உருவாக்கிய அதில் ஒரு மெட்டு ஒரு குறுஞ்செய்திக்குள் அடங்கும். பிறகு அதை லிலிபாண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

துருக்கிய மகாம் இசைக்கு லிலிபாண்டுடன் ஒரு துணைக்கோப்பு வருகிறது. அரபு இசைக்கு ஒன்று, ஸ்காட்லாந்துப் பைக்குழலுக்கு ஒன்று. நமக்கு இல்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவற்றை எழுதியவர்கள் அந்தந்த இசையைச் சேர்ந்தவர்கள் அல்லது அதை நேசித்தவர்கள். நம்முடையதை நாம் எழுத வேண்டும். சுரப் பெயர்களை நாமே வரையறுத்துக்கொள்ள மென்பொருள் இடம் தருகிறது. ‘ச4 ரி8 க8 ம4’ என்று தமிழிலேயே எழுதலாம். எழுத்து சுரம், எண் அதன் கால அளவு. மேல் ஸ்தாயிக்கு மேற்கோள் குறி, கீழ் ஸ்தாயிக்குக் காற்புள்ளி.

இங்கேதான் ஒரு சிக்கல். நாம் பழகியிருப்பது ரி1, ரி2, க3 என்று எண் போட்டு. லிலிபாண்டில் எண் என்றால் காலம். ரி2 என்று எழுதினால் அரை அளவு நீளும் ஒரு ரி என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். நீங்கள் நினைத்த சதுஸ்ருதி ரிஷபம் அதற்குத் தெரியாது. தீர்வு குடுமியான்மலைக் கல்லில் இருந்த வழியேதான். வேங்கடமகி வழிவந்த மேளகர்த்தா முறையில் அது நமக்கு இன்னும் வசதியான வடிவில் இருக்கிறது. ர, ரி, ரு, க, கி, கு, ம, மி, த, தி, து, ந, நி, நு. சட்சம் பஞ்சமத்தோடு சேர்த்து 16 பெயர்கள், 12 இடங்கள். எண்ணோடு எந்த மோதலும் இல்லை. தட்டச்சு செய்பவர் வாய்விட்டுப் பாடிக்கொண்டே எழுதலாம். இந்தக் கருத்தரங்கு வேறு எதையும் முடிவு செய்யாவிட்டாலும் இதை முடிவு செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

பாடல் வரியைச் சுரத்தின்கீழ் அமைப்பதிலும் தமிழுக்கென்று கவனம் தேவை. மென்பொருளில் அசைக்கும் அசைக்கும் நடுவே இரட்டைச் சிறுகோடு, நீட்டத்துக்கு இரட்டை அடிக்கோடு. ‘தாலேலோ’ என்பதைத் தா, லே, லோ என்று பிரிப்பது எளிது. ‘கண்ணே’ என்பதில் ண் என்ற ஒற்று முந்தைய எழுத்தோடு சேரும். அதற்குத் தனிச் சுரம் வேண்டாம். ஆனால் ஒப்பாரியைக் கேளுங்கள். ‘அம்மா’வின் ம் மீது பாடுபவர் நின்றுவிடுவார், மூச்சு முடியும்வரை அந்த ஒற்று ஒலிக்கும். உயிர் அளவு கடந்து நீள்வதும் ஒற்று நீண்டு ஒலிப்பதும் இசையின்பாற்பட்டவை என்று தொல்காப்பியர் நூன்மரபில் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதை நாம் கோப்பில் கடைப்பிடிக்க வேண்டும். ஒற்று நீண்டால் அதற்கும் ஒரு சுரம் கொடுங்கள்.

தாளத்துக்கு ஒரு சொல். ஆவர்த்தன முடிவில் நிலைக்கோடு ஒன்று தட்டச்சு செய்துவைத்தால், கணக்கு இடிக்கும்போது மென்பொருளே எச்சரிக்கும். உருப்படிகளுக்கு இது பெரும் உதவி. தாலாட்டுக்கு இது ஆபத்து. தொட்டிலை ஆட்டிக்கொண்டு பாடும் தாய் வரி முடிவில் பிள்ளை அசைந்தால் கூடுதலாக ஒரு நொடி நிற்பாள், தூங்கினால் குறைப்பாள். அந்த நிறுத்தத்தை வெட்டி நான்கு நான்காகச் சரிக்கட்டினால் எச்சரிக்கை வராது. ஆனால் தாலாட்டும் அங்கே இல்லை. தாளக் கணக்கை நிறுத்திவைக்கும் கட்டளை ஒன்று மென்பொருளில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தத் தயங்காதீர்கள். சுருதியும் அப்படியே. பாட்டி பாடும் காந்தாரம் பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் நின்றால், அது அங்கேதான் நிற்கிறது. பக்கத்துக் கட்டைக்குத் தள்ளாமல், சுரத்தின் தலையில் ஒரு குறிப்பு எழுதுங்கள்.

குறிப்பு எழுதுவதுதான் இந்தப் பணியின் உயிர் என்பது என் கருத்து. வேகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் பேராக்கின் மாநிலப் பண் மெட்டுதான் 1957இல் நெகாராகூ ஆயிற்று. 1992இல் அதை வேக நடைக்கு மாற்றினார்கள். 2003இல் பழைய வேகத்துக்குத் திருப்பினார்கள். சுர வரிசை அதேதான். வேகம் மாறியபோது நாட்டு மக்களின் காதுக்கு அது உடனே தெரிந்தது. நம் கோப்புகளில் சுரம் மட்டும் இருந்து வேகமும் சூழலும் இல்லாமல் போனால், 30 ஆண்டுகளுக்குப் பின் எவரும் எதையும் மீட்க முடியாது.

லிலிபாண்டில் இரண்டு வகைக் குறிப்பு உண்டு. ஒன்று அச்சில் வருவது: சுரத்தின்மேல் ‘கம்பிதம்’, ‘இறக்க ஜாரு’ என்று தமிழில் எழுதலாம், அடிக்குறிப்பு இடலாம். மற்றொன்று விழுக்காட்டுக் குறிக்குப் பின் எழுதுவது. அது அச்சில் வராது, கோப்பில் நிலைத்திருக்கும். எந்தத் தோட்டத்தில் கற்றது, அத்தையிடமா அம்மாவிடமா, இரண்டாம் முறை பாடும்போது எந்தச் சுரம் மாறியது, கேட்டு எழுதியவருக்கு எங்கே ஐயம் என்பதெல்லாம் அங்கே இருக்க வேண்டும். பாடியவர் ஒப்புதல் தந்தால் பெயரும் இருக்கட்டும். ஒரே கோப்பிலிருந்து பிள்ளைகளுக்குப் பெரிய எழுத்தில் சுரப்பெயர் மட்டும் உள்ள தாளையும், ஆய்வாளருக்குப் பாடவேறுபாடுகள் நிறைந்த தாளையும் எடுக்கலாம். பாடவேறுபாட்டைப் பிழை என்று திருத்த வேண்டாம் என்று ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

உறுமிக் குழுத் தம்பிகளுக்கு ஒரு சிறப்பு வேண்டுகோள். தைப்பூசத்தில் கல்லுமலைக்குக் காவடியோடு வாசித்துச் செல்லும் அடிகளை நீங்கள் ஒருவர் கையைப் பார்த்து ஒருவர் கற்றீர்கள், எங்கும் எழுதியதில்லை. உறுமியின் ஒரு முகம் அடி வாங்கும். மறுமுகத்தை வளைந்த குச்சி உரசி இழுக்கும். அந்த இழுப்பு எங்கே தொடங்கி எவ்வளவு நேரம் உருண்டு எங்கே விடுகிறது என்பதே அதன் இசை. இரண்டு கோட்டில் எழுதிப் பாருங்கள்: கீழ்க்கோட்டில் அடி, மேல்கோட்டில் உரசலுக்கு ஒரு சறுக்குக் கோடு. மென்பொருளில் கொட்டுப் பெயர்களையும் நாமே வைக்கலாம். எந்த அடிக்கு நீங்கள் வாயால் என்ன சொல்கிறீர்களோ அதையே பெயராக வையுங்கள்.

நாளை மாலை கலைவதற்குள் சுரப் பெயர்கள், ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இருக்க வேண்டிய விவரங்கள், ஒற்றுக்கும் நீட்டத்துக்கும் உரிய விதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திட வேண்டும். அந்தத் தாளை வைத்து வருகிற பள்ளி விடுமுறையில் ஆளுக்கு ஒரு பாட்டியிடம் போய் ஐந்து பாட்டாவது எழுதி வாருங்கள். துணைக்கோப்பை எழுதிச் சோதித்து எல்லோருக்கும் இலவசமாகத் தரும் பொறுப்பை இங்குள்ள கணினி நண்பர்களிடம் ஒப்படைக்கிறேன்.

முதல் அமர்வு இப்போது தொடங்குகிறது. முதலில் பாட்டிமார்கள் பாடட்டும். இரண்டு முறை கேட்ட பிறகு மடிக்கணினிகளைத் திறக்கலாம்.