காதலும் மூளையின் இரசாயனமும்

காதல் நெஞ்சிலே பிறக்கின்றதென்பது உலக வழக்கு. அன்புக்குரியவரைக் கண்டதும் படபடப்பது நெஞ்சமாதலால் மக்கள் அவ்வாறு எண்ணியது இயல்பே. ஆயினும் அப்படபடப்பை ஏவுவது மூளையாகும். காதல்வயப்பட்டவரின் மூளையில் நிகழ்வது யாது என்னும் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதென்றும், காதலென்பது ஓரிரு இரசாயனப் பொருள்களின் விளையாட்டேயென்றும் கூறுவோர் இன்று பலர். அக்கூற்றை அப்படியே ஏற்றல் தகுமா என்பதை நேயர்கள் ஆராய்ச்சிகளின் வரலாற்றைக் கேட்டபின் தீர்மானிக்கலாம்.

1954ஆம் ஆண்டிலே கனடாவின் மொன்றியல் நகரில் ஒல்ட்ஸ், மில்னர் என்னும் இருவர் எலியின் மூளையில் மெல்லிய மின்கம்பியைப் பொருத்தினர். ஒரு நெம்புகோலை எலி அழுத்துந்தோறும் மூளையின் குறித்த ஓரிடத்துக்குச் சிறிதளவு மின்னோட்டம் செல்லும். எலி அந்நெம்புகோலை ஓயாது அழுத்தத் தொடங்கிற்று. ஒன்றை மீண்டும் மீண்டும் நாடச் செய்யும் பகுதிகள் மூளையில் உள என்பது இதனாற் புலனாயிற்று. சில ஆண்டுகளின் பின், சுவீடன் நாட்டு அறிஞர் ஆவிட் கார்ல்சன், டோப்பமின் என்னும் பொருள் மூளைக் கலங்களிடையே செய்தி கொண்டுசெல்லும் தூதுவன் என்பதைக் காட்டினார். 2000ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒல்ட்சும் மில்னரும் கண்ட அந்நாட்டத்தில் இத்தூதுவனுக்குப் பெரும் பங்குண்டு என்பது பிற்காலத்திலே தெளிவாயிற்று.

இவ்வறிவை மனிதரின் காதலோடு பொருத்திப் பார்த்தவர்களுள் ஹெலன் பிஷர் என்னும் அமெரிக்க அம்மையார் குறிப்பிடத்தக்கவர். அவரும் அவருடைய துணைவர்களும் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிலே, ஆழ்ந்த காதலில் இருந்த 17 பேரின் மூளைகளைக் காந்தப்புலக் கருவியினாற் படம்பிடித்தனர். காதலரின் நிழற்படத்தை ஒருமுறையும், பழகிய வேறொருவரின் நிழற்படத்தை ஒருமுறையும் காட்டினர். ஒரு படத்தாலெழுந்த உணர்ச்சி மற்றதைப் பார்க்கும்போதும் தொடர்ந்துவிடுமன்றோ? அதனைத் தடுக்கும்பொருட்டு, பெரியதோர் எண்ணிலிருந்து பின்னோக்கி எண்ணுமாறு இடையிடையே பணித்தனர். காதலைச் சற்றுநேரம் மறக்கச் செய்யக் கணக்கே தக்கதென்று கண்டனர் போலும்! காதலரின் படத்தைக் கண்டபோது, டோப்பமினைச் சுரக்கும் கலங்கள் செறிந்த நடுமூளைப் பகுதியிற் கிளர்ச்சி தோன்றிற்று. காதல் வெறும் உணர்ச்சியன்று, பசி தாகங்களைப் போன்றதொரு வேட்கை என்பது அம்மையாரின் முடிவு. ஆனால் அக்கருவி அளந்தது குருதியோட்டத்தையேயன்றி டோப்பமினையன்று. இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இத்தாலியின் பீசா நகரில் 1999இல் வெளியான ஆராய்ச்சியும் இத்தகையதே. அண்மையிற் காதல்வயப்பட்ட 20 பேரின் குருதிச் சிறுதட்டுக்களிலே, செரற்றோனின் என்னும் பொருளைக் கடத்தும் புரதம் குறைந்திருந்தது. ஓயாது ஒரே எண்ணத்தால் அலைக்கழிக்கப்படும் மனநோயாளரிடத்தும் அதே குறைவு காணப்பட்டது. காதலரைப் பற்றியே இரவும் பகலும் நினைந்திருத்தலுக்கு இது காரணமாகலாம் என்றனர். சோதித்தது குருதியை, பேசியது மூளையைப் பற்றி! காதலரின் நெற்றி வியர்த்தலைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே பதிந்து வைத்தார். அதற்கு மேல் ஊகிக்க அவர் முற்படவில்லை.

மூளைப் படங்களிலும் பார்க்கத் தெளிவான செய்தியைத் தந்தது, அமெரிக்காவின் பிரேரிப் புல்வெளிகளில் வாழும் ஒரு சிற்றெலி. பாலூட்டிகளிற் பெரும்பாலானவை துணையோடு நிலைத்து வாழ்வனவல்ல. பிரேரிச் சிற்றெலியோ துணையைத் தேர்ந்தபின் அதனோடு கூடி வாழ்ந்து, ஆணும் பெண்ணுமாகக் குட்டிகளைப் பேணும். அதன் உறவினமாகிய புற்றரைச் சிற்றெலிக்கு இக்குணம் இல்லை. இவ்வேறுபாட்டின் காரணத்தைத் தேடியவர்கள் ஒட்சிற்றோசின் என்னும் ஓமோனை வந்தடைந்தனர். 1906இல் ஹென்றி டேல் என்னும் ஆங்கில அறிஞர் கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆற்றலைக் கபச்சுரப்பியின் சாற்றிலே கண்டார். அவ்வாற்றலுக்குரிய ஓமோனே இது. விரைந்த பிரசவம் என்பது அதன் கிரேக்கப் பெயரின் பொருள். பெண் சிற்றெலியின் மூளையில் இதன் தொழிலைத் தடுத்தபோது அது துணையை விரும்பித் தேரவில்லை. ஆணிடத்திலே வசோப்பிறசின் என்னும் மற்றோர் ஓமோன் அப்பணியைச் செய்வதாகத் தோன்றிற்று. 2004ஆம் ஆண்டில், வசோப்பிறசினை ஏற்கும் வாங்கிக்குரிய பரம்பரையலகை ஆண் புற்றரைச் சிற்றெலியின் மூளையிற் சேர்த்தனர். ஒரு துணையிற் பற்றுக்கொள்ளாத அப்பிராணி பற்றுக்கொள்ளத் தொடங்கிற்று. ஒட்சிற்றோசினுக்குக் ‘காதல் ஓமோன்’ என்ற பட்டமும் உலகெங்கும் பரவிற்று.

2023ஆம் ஆண்டில் அப்பட்டம் ஆட்டங்கண்டது. ஒட்சிற்றோசினை ஏற்கும் வாங்கியே இல்லாத பிரேரிச் சிற்றெலிகளைக் கலிபோர்ணியாவின் ஆராய்ச்சியாளர் உருவாக்கினர். அவையும் துணையைத் தேர்ந்து பற்றோடு வாழ்ந்தன. பெண்ணெலிகள் குட்டியீன்று பாலும் ஊட்டின. பிறவியிலேயே ஒரு வழி அடைபட்டதால் மூளை வேறு வழிகளை அமைத்துக்கொண்டது போலும். எவ்வாறாயினும், ஒரு பொருளே காதல் என்ற எளிய கணக்கு பொய்த்தது.

எனினும் இவ்வாராய்ச்சிகள் வீணென்று தள்ளுதல் கூடாது. காதல் முறிந்த இளைஞனையோ யுவதியையோ “அதை மறந்துவிடு” என்று ஒரே சொல்லில் அடக்கும் பெற்றோரும் ஆசிரியரும் அவற்றுள் ஒன்றையேனும் அறிந்திருத்தல் நன்று. 2010இல் ஹெலன் பிஷரும் துணைவர்களும், காதலராற் கைவிடப்பட்டும் காதல் நீங்காதிருந்த 15 பேரைச் சோதித்தனர். விட்டுச் சென்றவரின் படத்தைக் கண்டதும், முன்னர்க் கூறிய அதே வேட்கைப் பகுதி அவர்களிடத்துக் கிளர்ந்தெழுந்தது. கொக்கேன் என்னும் போதைப்பொருளுக்கு ஏங்குவோரின் மூளையிற் கிளர்ச்சியுறும் பகுதிகளும் உடன் கிளர்ந்தன. அத்தகையவரின் துயரம் பிடிவாதமுமன்று, நடிப்புமன்று. தாகங்கொண்டவனிடமிருந்து நீரைப் பறித்தது போன்ற நிலை அது. அந்த ஆராய்ச்சியில் மற்றொன்றும் தெரிந்தது: கைவிடப்பட்ட நாளிலிருந்து எத்துணை அதிக நாட்கள் கழிந்திருந்தனவோ, பற்றுதலோடு தொடர்புடைய ஒரு பகுதியின் கிளர்ச்சி அத்துணை குறைந்து காணப்பட்டது.