செய்தி மட்டும் போதுமா?



2016ல் தொடங்கிய ஒன்றிய அரசின் ‘கில்காரி’ திட்டம், கர்ப்பிணிகளின் கைபேசிக்கு வாரந்தோறும் குரல்வழிச் செய்தி அனுப்புகிறது. பல ஊர்களில் ஆஷா ஊழியர்களும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியே அபாய அறிகுறிகளை விளக்குகின்றனர்: இரத்தப்போக்கு, தீராத தலைவலி, பார்வை மங்குதல், சிசுவின் அசைவு குறைதல். இது உயிர்காக்கும் பணி, வரவேற்கிறோம்.

ஆனால் கைபேசி யாரிடம் உள்ளது? தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21), தாமே பயன்படுத்தும் கைபேசி உடைய பெண்கள் 54 சதவீதமே. கர்ப்பிணிகளில் 52 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. சத்தான உணவு உண்ணச் சொல்லும் செய்தி, கூலி உயராத வீட்டில் அடுப்பேற்றாது. அச்செய்தியைக் கொண்டு சேர்க்கும் ஆஷாவையோ அரசு ‘தன்னார்வலர்’ என்றே அழைக்கிறது.

எனவே, ஆஷாக்களுக்கு ஊழியர் தகுதியும் குறைந்தபட்ச ஊதியமும், ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவரும் மருந்தும் கோரி, ஒவ்வொரு கிளையும் மக்களைத் திரட்ட வேண்டும்.